கம்பெனி 2 லட்சம் தருகிறேன் என்கிறது, கையெழுத்துப் போடலாமா?

பாலாற்றங்கரை எழுதியது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறவள், இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுன்ட்ஸில் இருக்கிறேன். ஆறு வருஷம் முடிந்துவிட்டது, பேசிக் 14,000. எங்கள் செக்‌ஷன் மேனேஜர் போன தீபாவளிக்குப் பிறகு ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வாட்ஸப்பில் மெசேஜ் போட ஆரம்பித்தார். முதலில் வேலை விஷயம், அப்புறம் புடவை விஷயம், அப்புறம் எழுத முடியாத விஷயம். இன்கிரிமென்ட் என் கையில்தான் இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். போன மாசம் ஸ்டாக் எடுக்கும்போது குடோனில் இடுப்பில் கை வைத்தார். அன்றைக்கே ஹெச்.ஆர். மேடத்திடம் போய் அழுதுகொண்டே சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "சட்டப்படி சமரசம் பண்ணிக்கலாம்மா" என்று 4 பக்கப் பேப்பரை நீட்டினார்கள், முழுக்க இங்கிலீஷ். 2 லட்சம் தருவார்களாம். நான் ராஜினாமா எழுதித் தரணும், எங்கேயும் புகார் கொடுக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது, மீறினால் இரட்டிப்பாகத் திருப்பித் தரணும். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம்.

எங்கள் நைனா முப்பது வருஷம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். "வாங்கிக்கினு வந்துடும்மா, மாப்பிள்ளை வீட்ல பேச்சு நடக்கிற நேரம்" என்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் சித்தி பையன், "அமெரிக்காவா இருந்தா கோடிக்கணக்குல வாங்கலாம், கேஸ் போடு" என்று போனில் கத்துகிறான். இரண்டு பேர் பேச்சையும் கேட்டுத் தலை சுற்றுகிறது. இந்தப் பேப்பர் சட்டப்படி செல்லுமா? பணம் வாங்கினால் நான் என்னையே விற்றுவிட்ட மாதிரி ஆகுமா? சிவில் கேஸ் போட்டால் என்ன கிடைக்கும், எவ்வளவு நாள் இழுக்கும்?

---

சத்துவாச்சாரி கருப்புக்கோட்டு எழுதியது:

தங்கச்சி, முதலில் ஒன்று. வெள்ளிக்கிழமை கெடு அவர்கள் வைத்தது, சட்டம் வைத்தது இல்லை. சட்டம் வைத்த கெடு வேறே இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன், நீங்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

"சட்டப்படி சமரசம்" என்று ஹெச்.ஆர். சொன்னதில் பாதிதான் உண்மை. 2013-ஆம் வருஷத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், அதாவது போஷ் சட்டம், 10-ஆவது பிரிவில் சமரசத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டியது பாதிக்கப்பட்ட பெண், கம்பெனி இல்லை. விசாரணை தொடங்குவதற்கு முன்னால், கம்பெனிக்குள் இருக்க வேண்டிய புகார்க் கமிட்டி வழியாகத்தான் நடக்கணும். எல்லாவற்றுக்கும் மேலே, பணத்தை அடிப்படையாக வைத்து சமரசம் செய்யக்கூடாது என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கலாம், அவனை வேறு யூனிட்டுக்கு மாற்றச் சொல்லலாம். பணத்தைக் கொடுத்து வாயை அடைத்துவிட்டு அதற்குச் சமரசம் என்று பெயர் வைக்க முடியாது. உங்கள் விஷயத்தில் கமிட்டிக்கு எழுத்துப் புகாரே போகவில்லை, அப்புறம் எதை வைத்து சமரசம்?

இப்போது கெடு. கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாசத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவுக்கு (மேலே சொன்ன கமிட்டிதான்) எழுத்துமூலம் புகார் போகணும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாசம் நீட்டலாம், அதை நம்பி உட்காராதீர்கள். ஹெச்.ஆர். மேடத்திடம் வாயால் சொன்னது புகார் கணக்கில் வராது. 6 பிரதி, ஸ்க்ரீன்ஷாட், சாட்சிகளின் பெயர் விலாசத்தோடு கொடுத்து, தேதி போட்டு ரசீது வாங்குங்கள். விசாரணையை 90 நாளில் முடிக்கணும், அறிக்கை வந்தால் 60 நாளுக்குள் கம்பெனி நடவடிக்கை எடுக்கணும். இடையில் அந்த ஆளின் கீழே வேலை செய்ய முடியாது என்றால் 12-ஆவது பிரிவில் இடமாற்றமோ 3 மாசம் வரைக்கும் லீவோ கேட்கலாம், அது உங்கள் சாதாரண லீவுக்கு மேல். புகாரிலேயே ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.

பணம் வாங்குவது கேவலமா என்று கேட்டீர்கள். இல்லவே இல்லை. அதே சட்டம் 15-ஆவது பிரிவில் இழப்பீடு தரச் சொல்கிறது. மனவேதனை, வேலையில் போன வாய்ப்பு, வைத்தியச் செலவு, அந்த ஆளின் வருமானம், இதையெல்லாம் பார்த்துத் தொகை முடிவு பண்ணுவார்கள். ஒரே ஒரு வித்தியாசம்தான், அதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அந்தப் பணம் குற்றம் நிரூபணமான பிறகு அவன் சம்பளத்தில் பிடித்துக் கொடுப்பது. அவன் கட்டாமல் ஏமாற்றினால் நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கலாம். உங்களுக்கு நீட்டிய 2 லட்சம் கம்பெனி கல்லாவிலிருந்து வருகிறது. அவன் பையிலிருந்து ஒரு ரூபாய் போகாது, அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். வேலையை விட்டுப் போகிறவர் நீங்கள்.

"எங்கேயும் புகார் கொடுக்கமாட்டேன்" என்ற வரி இருக்கிறதே, குற்ற வழக்கை அமுக்குவதற்காகப் போடுகிற ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டம் 23-ஆவது பிரிவில் பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது. உடம்பில் கை வைத்தது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) பிரிவு 75, 3 வருஷம் வரைக்கும் தண்டனை. இருதரப்பும் ராசியாகி முடித்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிற குற்றங்களின் பட்டியலில் 75 கிடையாது. ஒரு பள்ளி மாணவி விஷயத்தில் ஆசிரியரும் பெற்றோரும் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ததை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்காமல் திருப்பிப் போட்டது. "இரட்டிப்பாகத் திருப்பித் தரணும்" என்பதும் பயமுறுத்தல்தான், நியாயமான நஷ்டத்துக்கு மேல் அபராதமாக எந்தக் கோர்ட்டும் வாங்கித் தராது. ஆனாலும் சொல்கிறேன், செல்லாத பேப்பராக இருந்தாலும் அதில் உங்கள் கையெழுத்து இருந்தால் நாளைக்கு "எல்லாம் சம்மதித்துத்தான் போனாள்" என்று காட்டுவார்கள். ராஜினாமாக் கடிதம் இன்னும் மோசம், அதைத் திரும்பப் பெறுவது லேசில் நடக்காது.

சிவில் வழக்கு தனியாகப் போடலாம், தடையில்லை. தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் கேட்கும் தொகையில் 3 சதவீதம் (2017-க்கு முன்னால் ஏழரை சதவீதமாக இருந்தது). உங்கள் சித்தி பையன் சொல்கிற கோடிக்கு வழக்குப் போட்டால் வாசலிலேயே 3 லட்சம் கட்டணும். சரி, பெண் என்பதால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இங்கே எங்கள் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது, 15100-க்கும் போன் போடலாம். ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ரூபன் தியோல் பஜாஜ் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, பஞ்சாப் டி.ஜி.பி.யாக இருந்த கே.பி.எஸ். கில் மேல் 1988-இல் கொடுத்த குற்றப்புகார் உச்ச நீதிமன்றத்தில் முடிய 2005 ஆனது. கோர்ட் சொன்ன இழப்பீடு, வேடிக்கையைப் பாருங்கள், இதே 2 லட்சம். அந்த அம்மா அதைத் தொடவில்லை.

---

கோட்டை அகழி எழுதியது:

வக்கீல் சார் சொன்னதற்கு மேல் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மாதிரிப் பேப்பரைத் தயார் பண்ணுகிற நாற்காலியில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான், ஆம்பூரிலும் இந்தப் பக்கத்திலும். பெருமையாகச் சொல்லவில்லை.

பாப்பா, அந்த 2 லட்சத்தைப் பிரித்துக் காட்டச் சொல். பிரித்துக் காட்டமாட்டார்கள். நான் காட்டுகிறேன். ஆறு வருஷம், பேசிக் 14,000 என்கிறாய். கிராஜுவிட்டி கணக்கு 14,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 6-ஆல் பெருக்கினால் 48,461. அஞ்சு வருஷம் தாண்டியதால் அது உன் பணம், யாரும் பிச்சை போடவில்லை. மிச்சம் இருக்கிற லீவுக்குச் சம்பளம் உன் பணம். நோட்டீஸ் மாசச் சம்பளம், பாக்கி போனஸ், எல்லாம் உன் பணம். இதையெல்லாம் கூட்டிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு ரவுண்டான எண்ணாக ஆக்கி, "உனக்காக எம்.டி.யிடம் போராடி வாங்கினேன்மா" என்று சொல்வோம். நானே சொல்லியிருக்கிறேன். அழுதுகொண்டே நன்றி சொல்லிவிட்டுப் போன பொண்ணுங்க முகம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

இன்னொன்று, கம்பெனி ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது தெரியுமா? உன்மேல் இரக்கமும் இல்லை, கோர்ட் மேல் பயமும் இல்லை. வெளிநாட்டு பிராண்டுக்காரன் ஆடிட் வருவான், வந்தால் கமிட்டி ரெஜிஸ்டரைக் கேட்பான். எழுத்தில் புகார் இருந்தால் பதில் சொல்லணும், வாயால் சொன்னது காற்றில் போயிடும். அந்த பயம்தான் உன் கையில் இருக்கிற பலம். திண்டுக்கல்லில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் பெண்கள் நடத்துகிற தொழிற்சங்கம் 2022 ஏப்ரலில் கம்பெனியையும் ஹெச் அண்ட் எம்மையும் சட்டப்படி கட்டுப்படுத்துகிற ஒப்பந்தத்தில் உட்கார வைத்ததே, பிராண்டுக்காரன் ஆர்டர் என்கிற கயிற்றைப் பிடித்து இழுத்ததால்தானே. அதுவும் செட்டில்மென்ட்தான், ஆனால் யார் வாயையும் கட்டவில்லை. நம்ம தோல் லைனில் அந்த மாதிரி ஒன்று இதுவரைக்கும் என் காதில் விழவில்லை.

மொபைலை மாற்றாதே. வாட்ஸப் சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி மெயிலில் போட்டு வை.

---

டீக்கடை நியாயம் எழுதியது:

எல்லாரும் ஏத்திவிடுங்க. 2 லட்சம் ஓசியில் வருது, வாங்கிட்டு வேற வேலை பாக்காம. நிரூபிக்க முடியலைன்னா பொய்ப் புகார்னு திருப்பி அந்தப் பொண்ணு மேலேயே ஆக்‌ஷன் எடுப்பாங்க, அது தெரியுமா உங்களுக்கு.

---

சத்துவாச்சாரி கருப்புக்கோட்டு எழுதியது:

தெரியும் அண்ணே, நீங்கள்தான் 14-ஆவது பிரிவைப் பாதியில் மூடிவிட்டீர்கள். நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றே பொய் சொன்னாள் என்று தனியாக விசாரித்து நிலைநாட்டணும். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

---

காட்பாடி டு ஜெர்சி எழுதியது:

சித்தி பையன் நான் இல்லை, ஆனால் அவன் ஊரில்தான் பதினஞ்சு வருஷமாக இருக்கிறேன், என் மனைவி இங்கே ஒரு லேபர் லா ஆபீசில் பாராலீகல். அந்தக் கோடிக் கதைக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவில் 1964-ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பின் கீழ்தான் பெரும்பாலும் இந்த வழக்குகள் வரும். நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது, முதலில் இ.இ.ஓ.சி. என்கிற மத்திய ஆணையத்தில் புகார் பதியணும், 180 நாளுக்குள், பல மாநிலங்களில் 300. அப்புறம் வழக்குப் போட அனுமதிக் கடிதம் வரணும். ஜெயித்தாலும் வேதனைக்கான இழப்பீடும் தண்டனை இழப்பீடும் சேர்த்து உச்சவரம்பு இருக்கிறது. நூறு பேர் வரைக்கும் உள்ள கம்பெனி என்றால் 50,000 டாலர், ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தால்கூட 3 லட்சம் டாலர், அதற்கு மேல் தாண்டாது. 1991-இல் வைத்த வரம்பு, இன்னும் ஏற்றவில்லை. வராமல் போன சம்பளம் தனி. சில மாநிலச் சட்டங்களில் இந்த வரம்பு கிடையாது, எங்கள் ஜெர்சியும் அதில் ஒன்று. ஃபாக்ஸ் நியூஸ் டி.வி.யின் தாய்க் கம்பெனி, அங்கே தொகுப்பாளராக இருந்த கிரெட்சன் கார்ல்சனுக்கு இப்படிப்பட்ட வழக்கில் 2016-இல் 2 கோடி டாலர் கொடுத்தது பேப்பரில் வந்தது, அதை வைத்துக்கொண்டுதான் எல்லாரும் பேசுகிறார்கள். சாதாரண ஆளுக்கு வருகிற செக்கில் மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்கு, உடம்பில் காயம் இல்லை என்றால் மிச்சத்துக்கு வருமான வரி.

வழக்குகள் முக்கால்வாசி ஜூரி முன்னால் போகாமல் செட்டில்மென்ட்டிலேயே முடிவது உண்மை. கம்பெனி "தப்பை ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரு வரி போடும், பணம் கொடுக்கும், அந்தப் பெண் பேசக்கூடாது என்று ஒரு வரி போடும். அந்தக் கடைசி வரிதான் இங்கே பெரிய சண்டை. ஜெர்சியில் 2019-இல் சட்டம் கொண்டுவந்தார்கள், துன்புறுத்தல் விவரத்தை மறைக்கச் சொல்லும் நிபந்தனையை ஊழியர்மேல் பிரயோகிக்க முடியாது. 2022-இல் மத்திய அளவிலும் ஒன்று வந்தது, அது சம்பவத்துக்கு முன்னாலேயே, வேலைக்குச் சேரும்போது எழுதி வாங்கிய வாய்ப்பூட்டை மட்டும்தான் உடைக்கும். தகராறு வந்த பிறகு பணம் வாங்கிக்கொண்டு போடுகிற வாய்ப்பூட்டு மத்தியச் சட்டப்படி இன்னும் நிற்கிறது.

அதனால் இங்கே இருக்கிறது எல்லாம் உசத்தி என்று இல்லை. பணத்தை வைத்து சமரசம் கூடாது என்று எழுதிவைத்தது நம்ம ஊர்ச் சட்டம்தான். சித்தி பையனிடம் சொல்லுங்கள், கத்துவதற்குப் பதில் டிக்கெட் போட்டு வந்து தங்கச்சிகூட கலெக்டர் ஆபீசுக்கு நடக்கச் சொல்லி.

---

மக்கன்பேடா எழுதியது:

நான் வாங்கினேன். யாரும் எழுதமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், வேலூரிலேயே ஒரு ஆபீஸ், பெயர் வேண்டாம். தொகையும் வேண்டாம், உனக்குச் சொன்னதைவிடக் குறைச்சல். அப்போது எனக்குக் கைக்குழந்தை, வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, பாகாயத்தில் வாடகை வீட்டில் ரெண்டு மாச பாக்கி. அந்தப் பணத்தில் வாடகையைக் கட்டினேன், பையனுக்கு எல்.கே.ஜி. ஃபீஸ் கட்டினேன், மிச்சத்தில் ஒரு தையல் மிஷின். அதற்காக நான் வெட்கப்படவில்லை, யாராவது வெட்கப்படச் சொன்னால் அந்த வாடகையை அவர்கள் கட்டியிருக்கட்டும்.

ஆனால் எனக்குத் தெரியாமல் போனது என்ன தெரியுமா? அந்தப் பேப்பரில் "சொந்தக் காரணங்களுக்காக" ராஜினாமா செய்கிறேன் என்று இருந்தது. அடுத்த இன்டர்வியூவில் ஏன் விட்டீங்க என்று கேட்டால் பதில் இல்லை, உண்மையைச் சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அனுபவக் கடிதம் தருவதாக வாயால் சொன்னார்கள், தரவே இல்லை, பேப்பரில் அது இல்லை. ஒரு வருஷம் கழித்து என் இடத்துக்கு வந்த பொண்ணு கிரீன் சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து, "அக்கா, உங்களுக்கும் இப்படியா?" என்று கேட்டது. நான் பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டேன். என் பஸ் இல்லை அது, சித்தூர் பஸ்.

வாங்குவதாக இருந்தால் வாங்கு தங்கச்சி. ஆனால் தமிழில் எழுதித் தரச் சொல், ஒவ்வொரு வரியையும் வேறே ஆள் படித்துச் சொல்லட்டும். வேலையை விடுவது உன் பேரில் இல்லாமல் இருக்கட்டும்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மக்கன்பேடா அக்கா, உங்கள் பதிலை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்க் கொல்லைப்பக்கம் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது, "அந்தக் கணக்கை இன்னொரு வாட்டி சொல்லு, 26-ஆல வகுத்து…" என்று கேட்டார். முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்குக் கடைசியில் என்ன கொடுத்தார்கள் என்று அவரே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார் போல. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடவில்லை. "யோசிக்கணும் மேடம், பிரித்து எழுதித் தாங்க" என்றேன். முகம் மாறிவிட்டது.

இப்போது புது சிக்கல். புகார் யார் பேருக்கு எழுதுவது என்று பார்க்க கேன்டீன் பக்கம் ஒட்டியிருக்கும் கமிட்டி லிஸ்டைப் பார்த்தேன். தலைவி என்று போட்டிருக்கும் மேடம் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. வெளி உறுப்பினர் என்று போட்டிருக்கும் அம்மாவுக்குப் போன் பண்ணினேன், "நான் அந்தக் கமிட்டியில இருக்கேன்னு யார்மா சொன்னது?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். 6 பிரதியை யாரிடம் கொடுப்பது?

---

சத்துவாச்சாரி கருப்புக்கோட்டு எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அந்த லிஸ்டை இன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள், தேதி தெரிகிற மாதிரி. நாளைக்குக் காலையில் அது அங்கே இருக்காது.

ஒழுங்காகக் கமிட்டி அமைக்காத முதலாளிக்கு 26-ஆவது பிரிவில் 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம். தொகை சின்னது, ஆனால் அகழிக்காரர் சொன்ன ஆடிட்டில் அது பெரிய விஷயம். புகாரை நிர்வாக இயக்குநர் பெயருக்கும் "உள்ளகப் புகார்க் குழு" என்ற பெயருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில், பட்டுவாடா அத்தாட்சியோடு அனுப்புங்கள், 3 மாசக் கெடு அதோடு காப்பாற்றப்படும். அதே பிரதியை மாவட்ட அதிகாரிக்கும் கொடுங்கள், அவர் கீழே உள்ளூர் புகார்க் குழு என்று ஒன்று இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும் முதலாளியே குற்றவாளியான புகாருக்கும் என்றுதான் சட்டம் அதைச் சொல்கிறது, உங்கள் கம்பெனி பெரிது, அதனால் "எங்களுக்கு வராது" என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். அப்போது கமிட்டியே போலி என்ற போட்டோவைக் காட்டுங்கள்.

இன்னொன்று, பழக்கதோஷத்தில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு வந்துவிடாதீர்கள். எங்கள் தாத்தா காலத்தில் எல்லாம் ஒரே வடஆற்காடு, 2019-இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்த பிறகு ராணிப்பேட்டை தனி மாவட்டம், உங்கள் மனு அங்கேதான் போகணும். மாவட்டச் சமூகநல அலுவலகம் எங்கே என்று கலெக்டர் ஆபீசில் கேட்டால் காட்டுவார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் கையோடு பதிவு எண் கிடைக்கும். போலீசுக்குப் போவது தனி வழி, அதற்கு இதெல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

---

பாலாற்றங்கரை எழுதியது:

போட்டோ எடுத்துவிட்டேன் சார். நீங்கள் சொன்ன மாதிரியே இன்றைக்குக் காலையில் லிஸ்ட் இல்லை, புது டேப் ஒட்டிய அடையாளம் மட்டும் இருக்கிறது. திங்கட்கிழமை நைனாவும் கூட வருகிறேன் என்கிறார், இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வெளியே மாட்டிவைத்திருக்கிறார்.